ஜெபத்தோடு ஒரு பஸ் பாஸ்

கேள்வி: எங்கள் சபையில் வேலையில்லாத இளைஞர்கள் பலர். ஜெபிப்பதைத் தவிர சபை என்ன செய்ய முடியும்?
– வாசகி ஒருவர், நாகர்கோவில்

பதில்: ஜெபம் நடக்கட்டும். அதற்கான பதில் பக்கத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம்! ஒர்க்‌ஷாப் நடத்துபவர், ஆஸ்பத்திரி மேலாளர், ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன்... ஆராதனை முடிந்ததும் இவர்களையும் இளைஞர்களையும் உட்காரவைத்துப் பேசவிடுங்கள்.

உங்கள் ஊருக்கு இது புதிதல்ல. மிஷனரி மார்த்தா மால்ட் 1820-களில் அங்கேதான் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைக் கொண்டு அடிமைத்தளையிலிருந்து மீண்ட பெண்களும் உண்டு. மார்த்தாவின் மகள் எலைசா, மிஷனரி கால்டுவெல்லை மணந்து, இடையன்குடிப் பெண்களுக்கும் அந்தத் தொழிலைத் தந்தார்.

வேலை வாங்கிக் கொடுத்ததோடு கைகழுவிவிடாதீர்கள். முதல் சம்பளம் வரும்வரை பஸ்ஸுக்குக் காசு? கைக்குழந்தையை யார் பார்ப்பது? சூப்பர்வைசர் திட்டினார் என்று வேலையை உதறுவதும் பெரும்பாலும் முதல் மாதங்களில்தான். அன்றைக்கு ராத்திரி போனை எடுத்து, “நாளைக்குப் போ தம்பி, நான் இருக்கேன்” என்று சொல்ல ஒரு அண்ணன் வேண்டும். வேலை கேட்டுக் கதவைத் தட்டுபவர் எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்கவே வேண்டாம்.

கன்வென்ஷன் பந்தலுக்குக் காணிக்கைக் கவர் கொடுக்கும்போது, பஸ் பாஸுக்கும் ஒரு கவர் கொடுங்கள்.