தலை உருண்ட போல்ட் பற்றிய ஒரு விசாரம்

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் பக்கமூடியில் துருவேறி அமர்ந்து, ஸ்பானருக்குப் பிடிகொடாமல் தலையும் உருண்டுபோன ஒரு போல்ட்டைக் கழற்றும் உபாயம் யாது என்பது குறித்துச் செங்கற்பட்டு முதல் மாமல்லபுரம் வரையிலுள்ள பட்டறைகளில் ஓயாத வாதப் பிரதிவாதங்கள் நடந்துவந்தும், அவற்றைத் தொகுத்து ஒரு கிரந்தமாக்க எந்தப் பண்டிதரும் முன்வராதது நமது கல்வியுலகின் பெருங்குறையே. புல்லட் வண்டிகள் உற்பத்தியாகும் ஒரகடமும் வல்லம் வடகாலும் இராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே அமைந்திருப்பதால், இவ்விசாரத்துக்கு வேண்டிய தர்க்க சாமர்த்தியம் இவ்வட்டாரத்து மண்ணிலேயே ஊறியிருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

போல்ட் இறுகிப்போவது ஒரு வியாதி. தலை உருண்டுபோவது வேறொரு வியாதி. பாமரர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிப் பழி முழுவதையும் கடற்காற்றின்மேல் சுமத்திவிடுகின்றனர். கடற்காற்று நிரபராதி என்று நாம் வாதாட வரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து வீட்டு வாசலில் இரவெல்லாம் நிற்கும் வண்டியின்மேல் உப்புப் படிந்து, பனியில் கரைந்து, அலுமினியக் கூட்டுக்கும் எஃகு போல்ட்டுக்கும் நடுவே புகுந்ததும், அங்கே சிறியதொரு மின்கலமே பிறந்துவிடுகிறது. அலுமினியம் அரிபட்டு வெண்பொடியாகி மரையின் இடுக்குகளை அடைக்க, தான் தோன்றிய இரும்பைவிடப் பருமனில் பன்மடங்கான துரு மிச்சமிருக்கும் இடத்தையும் ஆக்கிரமித்துக்கொள்கிறது. இரு பொருள்கள் பிரிக்கவொண்ணாத சம்பந்தம் எய்தும் இந்நிலையை அத்வைதம் என்பதா, விசிஷ்டாத்வைதம் என்பதா என்பதை ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் தீர்மானிக்கட்டும். கடற்கரைக் கோயிலின் கல்லில் இறங்கிய உப்பையே காகிதக் கூழ் பூசி உறிஞ்சியெடுக்கத் தொல்லியல் துறையினர் பாடுபடுகையில், போல்ட் எம்மாத்திரம்? கடலுக்கு எட்டி, செங்கற்பட்டுக் கொளவாய் ஏரிக்கரையில் நிற்கும் வண்டிகளுக்கு இந்த உபத்திரவம் அவ்வளவாக இல்லை.

தலை உருளுவதோ முற்றிலும் மனித கைங்கரியம். பத்தாம் எண் ஸ்பானருக்குரிய அறுகோணத் தலையில் எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே 10 மி.மீ.; எதிரெதிர் முனைகளுக்கிடையே ஏறக்குறைய 11.5 மி.மீ. ஆகவே ஒவ்வொரு முனையும் பக்கத்தைவிட வெளியே நீண்டிருப்பது முக்கால் மி.மீ. மட்டுமே. நமது புஜபலமனைத்தும் அந்த முக்கால் மில்லிமீட்டரின் தயவில் நிற்கிறது என்பதை அறியாதவன், வாய் அகன்ற பழைய ஸ்பானரை மாட்டுகிறான். அல்லது அங்குலக் கணக்கில் செய்த தலையில் மில்லிமீட்டர் ஸ்பானரை ஏற்றுகிறான். அரையங்குலம் என்பது 12.7 மி.மீ.; பதின்மூன்றாம் எண் ஸ்பானர் அதன்மேல் ஏறும், பிடிக்காது. முதல் முறை வழுக்கும்போது ‘கிளுக்’கென்று ஒரு சத்தம் எழும், முனையில் மெல்லிய இரும்புச் சீவல் ஒன்று பளபளவென்று சுருண்டு நிற்கும். பட்டறைப் பையன் காலால் மிதிக்க ஆயத்தமாவதும் அந்தக் கணத்தில்தான். “டேய், உடுறா! இன்னொரு தபா திருப்புன, தலை மொத்தமா பூடும்” என்று மேஸ்திரி கூவும் கூவலில் இச்சாஸ்திரத்தின் சாரம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

இனி, உபாயங்கள். பற்றிக்கொள்ளும் பொறுப்புக் குட்டியினுடையது என்னும் மர்க்கட நியாயத்தையும், தாயே கவ்விச் செல்வாள் என்னும் மார்ஜார நியாயத்தையும் வைணவ ஆசாரியர்கள் சரணாகதிக்குச் சொன்னார்கள். பட்டறைகளும் அவ்வாறே இரு கலைகளாகப் பிரிந்து நிற்கின்றன. எண்ணெய்க் கலையார், ஊடுருவும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, “ஊறட்டும் சார், நாளைக்குப் பாப்போம்” என்று அனுக்கிரகத்துக்குக் காத்திருப்பவர்கள். உளிக் கலையார், தலையின் ஓரத்தில் உளியைச் சாய்த்து வைத்து இடப்புறமாக அடித்துத் திருப்புபவர்கள். பிந்தியவர்களுக்கு மாமல்லபுரமே பிரமாணம்: 1957 முதல் சிற்பக் கல்லூரி நடக்கும் ஊர்; பாறையைப் பிளக்கப் பழங்காலக் கல்தச்சர் வரிசையாக வெட்டிய ஆப்புக் குழிகளை இன்றும் பார்க்கலாம். ஆயினும் பலாத்காரத்துக்கும் எல்லையுண்டு. 1908இல் கவர்னர் லாலி ஏழு யானைகளைப் பூட்டி இழுத்தும் அவ்வூர் வெண்ணெய்ப் பந்துப் பாறை அசையவில்லை என்றே கர்ணபரம்பரை கூறுகிறது. நம் அபிப்பிராயம் எண்ணெய்க்கே சாய்கிறது. உளி வழுக்கினால் அலுமினிய மூடி விரிசல் காணும். எண்ணெயால் நேரும் நஷ்டம் ஒரு நாள் மட்டுமே. ஆனால் எண்ணெய் விட்டபின் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டுத் தட்டினால்தான் துரு நெகிழ்ந்து எண்ணெய் உள்ளே இறங்கும் என்பதை எண்ணெய்க் கலையாரே இரகசியமாக ஒப்புக்கொள்வர்.

சித்தாந்தம் வெல்டிங் பட்டறையில் கிடைக்கிறது. பெட்ரோல் டாங்கியை இறக்கி, பாட்டரியையும் கழற்றிவிட்டு, உருண்ட தலையின்மேல் புதிய நட் ஒன்றை வைத்து அதன் துளை வழியாகப் பற்றவைத்தால், தலைக்குப் புதிதாக ஆறு முனைகள் வாய்க்கின்றன. சூடும் மரை வரை இறங்குகிறது. எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும் அலுமினியம் தன் பிடியைத் தளர்த்துகிறது. சற்று ஆறவிட்டு, ரிங் ஸ்பானரால் முன்னும் பின்னுமாக அசைத்தால், ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் மெல்ல வெளியேறும். போல்ட்டில் துளையிட்டு உள்ளே திருகும் இடமரை எக்ஸ்ட்ராக்டர் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது, அப்புறம் லேத்துக்காரர்தான் கதி.

புதிய போல்ட்டின் மரையில் துளி கிரீஸ் தடவி, முதலில் விரலாலேயே ஏற்றி, கடைசியில் மணிக்கட்டின் பலத்தில் மட்டும் ஸ்பானரைத் திருப்பி மேஸ்திரி நிறுத்துகிறார். இதுவரை தேநீர்க் கடையருகே நின்றிருந்த வண்டிக்காரர் அப்போதுதான் கிட்டே வந்து, “அண்ணே, லூசா இருக்கப் போகுது, இன்னும் கொஞ்சம் நல்லா இறுக்கிடுங்க” என்கிறார்.