22 பெரிய மனுசங்களும் ஒரு மம்பட்டியும்

இங்க வாட்டி. திண்ணையில டாரட்டுச் சீட்டைப் பரப்பி வச்சிருக்கியே, அது மேல முதல்ல ஒரு கல்லைத் தூக்கி வையி. காத்துல சவ்ரான் பறந்து போயி மாட்டுத் தொட்டியில விழுந்தா, தாத்தாதான் கொன்னாருன்னு ஊரெல்லாம் சொல்லுவ.

22 படத்தையும் பாத்தேன். உன் கை நல்ல கை. அதுல குத்தம் சொல்ல மாட்டேன். குத்தம் சொல்ல வேற நெறைய கெடக்கு.

உங்களுக்கு என்ன தெரியும்னு மொறைக்காத. கண்புரை எடுத்துட்டு நான் கட்டிலே கதின்னு கெடந்தப்ப, ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூணு பாகத்தையும் தமிழ்ல சொல்லிச் சொல்லிப் படிச்சவ நீதான். தாத்தா தூங்கிட்டாருன்னு பாதியில நிறுத்துவ. குறட்டை விட்டுக்கிட்டே காதைத் தீட்டி வைக்கிறது பஞ்சாயத்துக் கூட்டத்துல நான் பழகுன வித்தை. அந்த ‘ரிங்ஸ்’ ஆளுங்களை வச்சு டாரட்டுச் சீட்டு வரைய ஆரம்பிச்ச பெறகு சீட்டோட கதையையும் சோத்துத் தட்டுக்கு முன்னால உக்காந்து நீதான் அளந்த. ஒண்ணு விடாம வாங்கி வச்சிருக்கேன்.

எகிப்துப் பூசாரிங்க ரகசியமா எழுதி வச்சதாம்லா இந்தச் சீட்டு? உன் கூட்டாளி ஒருத்தி வந்து கண்ணை உருட்டிக்கிட்டுச் சொன்னாளே. அதை முதல் முதல்ல அச்சுல ஏத்துனவன் கூர் தெ ஜெபெலின்னு ஒரு பிரெஞ்சுக்காரன், 1781-ல. அப்போ எகிப்து எழுத்தைப் படிக்கத் தெரிஞ்சவன் ஒலகத்துல ஒருத்தன் கெடையாது. ஷாம்போலியோன் வந்து அந்தப் பூட்டைத் தொறந்தது 1822-ல. எழுத்தே தெரியாம எழுதுனதுக்கு அர்த்தம் சொன்ன மகாராசன்! நம்ம ஊர்லயும் ரெண்டு பேரு உண்டு, பேரு வேண்டாம். நெசம் என்னன்னா, 15-ஆம் நூத்தாண்டுல இத்தாலியில மிலான் பக்கம் பணக்காரங்க பொழுது போகாம ஆடுன சீட்டாட்டம் இது. நானும் உன் சின்னத் தாத்தாவும் அரச மரத்தடியில ரம்மி ஆடுனா உன் பாட்டி வெளக்கமாத்தைத் தூக்குவா. அவங்க ஆடுனது மட்டும் ஞானமாம்.

சரி, உன் படத்துக்கு வாரேன்.

முட்டாள் சீட்டுல ஃப்ரோடோவைப் போட்டிருக்க. அவன் முட்டாளாட்டீ? பயந்து பயந்து, யோசிச்சு யோசிச்சு, வீட்டை வித்துட்டுக் கெளம்புனவன். வீட்டை விக்கிறவன் விவரமானவன். முட்டாள் யாருன்னா அவன் பெரியப்பன் பில்போ. காலைச் சாப்பாட்டுல பாதியை அப்படியே போட்டுட்டு, தொப்பி கெடையாது, கைத்தடி கெடையாது, கைக்குட்டை கெடையாதுன்னு தெருவுல ஓடுனான் பாரு, அவனைப் போடு. இல்ல, அந்தக் காண்டால்ஃப் கெழவன் வாய் ஓயாம மடையன் மடையன்னு வையுறானே பிப்பினு, அவனையாவது போடு.

கோபுரச் சீட்டுக்கு ஓர்த்தாங்க்கை வரைஞ்சு, இடி விழுந்து பொளக்குற மாதிரிக் காட்டியிருக்க. படம் என்னமோ ஜோராத்தான் இருக்கு. ஆனா அது விழவே இல்லையே! மர மனுசங்க அத்தனை பேரு சேந்து மோதியும் அந்தக் கோபுரம் அசையல. ஊரையே முங்க வச்சாங்க, சாருமான் மாடியில நின்னு வேடிக்கை பாத்தான். விழுந்தது பராத்-தூர். நாலஞ்சு கோபுரம் இருக்குற கதையில விழாததாப் பாத்துப் பிடிச்சிருக்க.

பிசாசுச் சீட்டுலதான் எனக்கு ரொம்ப மனத்தாங்கல். நெருப்புக் கண்ணை மட்டும் பெருசா வரைஞ்சு வச்சிருக்க. பயமாவா இருக்கு? அடுப்பு மாதிரி இருக்கு. பழைய சீட்டுல பமீலா ஸ்மித்ன்னு ஒரு அம்மா என்ன வரைஞ்சிருக்கான்னு நீதான் காட்டுன: ஒரு ஆணும் பொண்ணும் கழுத்துல சங்கிலியோட நிக்காங்க. நல்லா உத்துப் பாரு, சங்கிலி தொளதொளன்னு கெடக்கு. தலைக்கு மேல தூக்குனா கழண்டுரும். கழட்ட மனசு வரல, அம்புட்டுதான். அது சவ்ரான் இல்ல தாயி, கோல்லும். மோதிரம் அவனைப் பிடிச்சு வச்சிருக்கா, அவன் மோதிரத்தைப் பிடிச்சு வச்சிருக்கானான்னு தெரியாம ஈரப் பாறையில உக்காந்திருக்கானே, அதை வரை. மாடல் வேணும்னா, சாயங்காலம் உன் பாட்டி என் பொடி டப்பாவைப் பிடுங்கி ஒளிச்சு வைப்பா. அந்நேரம் என் மூஞ்சியப் பாத்துக்கோ.

அடுத்து பொண்ணுங்க சமாச்சாரம். இந்தச் சீட்டுக்கட்டுக்கு நாலு ராணி வேணும். அதுபோக மகாராணி, பூசாரியம்மா, சிங்கத்து வாயை மூடுறவ, தராசு பிடிக்கிறவன்னு வரிசையாப் பொம்பளைங்க. டோல்கீன் தாத்தா அந்த விசயத்துல கைச்சுருக்கம். கலாட்ரியல், அர்வென், எயோவின்னு மூணு வெரலை மடக்கிட்டு நாலாவது வெரலுக்கு முழிக்க. ராத்திரி ஷெலாப் சிலந்தியை ராணியாக்கலாமான்னு போன்ல யாருட்டயோ கேட்டுக்கிட்டிருந்த. எட்டுக் காலுக்கும் கொலுசு போட்டா போடு, எனக்கென்ன.

ஏட்டி, லொபீலியாவை எப்படி மறந்த? கதை முச்சூடும் கரண்டி திருடின்னு பேரு வாங்குன கெழவி, கடைசியில ரவுடிங்க ஊருக்குள்ள வந்தப்ப ஒத்தைக் குடையைத் தூக்கிக்கிட்டு எதுத்து நின்னு ஜெயிலுக்குப் போனாளே! வாள் ராணி அவதான். வாளுக்குப் பதில் குடையைக் குடு. கோப்பை ராணிக்கு அந்த ஆஸ்பத்திரிக் கெழவி அயோரெத். ராசா கை வைத்தியக் கைன்னு பழைய பேச்சு ஒண்ணு உண்டேன்னு பொலம்பி, அத்தனை உசிரு பொழைக்க வழி சொன்னவ. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. எனக்கு அவளை நேர்ல தெரியும், 50 வருசமா அவ சோத்தைத்தான் திங்கேன்.

இதெல்லாம் சில்லறைக் குத்தம். பெரிய குத்தம் இனிமேத்தான் வருது. ஒரு சீட்டுக்கட்டுக்கு 78. பெரிய மனுசங்க 22-ஐ ஒரே மாசத்துல வரைஞ்சு தள்ளிட்ட. மிச்சம் 56-ன்னதும் கொட்டாவி விடுத. ‘நாலு வாள், அஞ்சு கோப்பைன்னு வெறும எண்ணி வரைஞ்சுருவேன் தாத்தா’ங்க. அப்படித்தான் ரொம்ப காலம் வரைஞ்சாங்க. சோலா புஸ்கான்னு இத்தாலியில ஒரு பழைய கட்டு மட்டும் விதிவிலக்குன்ன. 1909-ல லண்டன்ல பமீலா கோல்மன் ஸ்மித் அந்த 56-க்கும் ஆளு, மரம், வீடு, அழுகைன்னு வரைஞ்சதாலதான் இன்னைக்கும் அது ஓடுது. ராசாவை யாரும் வரைவான். ரெண்டு காசை வச்சுத் தள்ளாடுறவனை வரையணும்லா?

உனக்கு அதிர்ஷ்டமும் இருக்கு, அதைக்கூடப் பாக்கல நீ. காசு வரிசையை மோதிரமா மாத்திட்டேன்னு பெருமையாச் சொன்ன. சரி, எண்ணு. சவ்ரானுக்கு ஒண்ணு, எல்ஃபுக்கு மூணு, குள்ளங்களுக்கு ஏழு, மனுச ராசாக்களுக்கு ஒன்பது. நாலு சீட்டுக்கு அந்தாளே கணக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காரு! மூணாம் காசுல ஸ்மித் ஒரு கொத்தனை வேலை செய்ய விட்டிருக்கா. எல்ஃபுக் கொல்லன் மூணு மோதிரம் அடிச்சதுக்கு அது அச்சாப் பொருந்தும்.

இடிக்கிறது ஒன்பதுல. ஸ்மித்தோட ஒன்பதாம் காசு, சொகுசாத் தோட்டத்துல நிக்கிற ஒரு சீமாட்டி. கையில ராசாளி, காலடியில ஒரு நத்தை. சௌகரியம்னு அர்த்தம். உன் ஒன்பது மோதிரக்காரங்களோ கறுப்புத் துணி போத்துன பேயிங்க. நீ பேயையே வரையப் போற, எனக்குத் தெரியும். வேண்டாம். மோதிரம் வாங்குன மறுநாளை வரை. ஒரு ராசா தோட்டத்துல நிக்கான், தொப்பை, பட்டு, வெரல்ல மோதிரம், நல்ல வெயில். நிழல் மட்டும் கொஞ்சம் கம்மியா விழுது. சீட்டு எடுக்கிறவ முதல் தடவை கவனிக்க மாட்டா. மூணாவது தடவை கவனிப்பா, அன்னைக்கு அவளுக்குத் தூக்கம் வராது.

முதுகுப் பக்கத்தையும் இப்பவே சொல்லிருதேன். வெள்ளை மரத்தைப் போட்டிருக்கியே, தலைகீழா வந்த சீட்டு எதுன்னு பொரட்டாமலே தெரிஞ்சு போகும். மேலயும் கீழயும் ஒரே மாதிரி இருக்கணும். ரம்மியில இப்படி ஒரு கட்டை வச்சுக்கிட்டு உன் சின்னத் தாத்தா என்னை ஒரு பொங்கல் பூராவும் உரிச்சான்.

விக்கப் போறேன்னு வேற பேசிக்கிட்ட. டோல்கீன் செத்தது 1973. நம்ம நாட்டுல எழுதுனவன் செத்து 60 வருசம் ஆகணும், 2033 முடியட்டும். இங்கிலாந்துல 70 வருசம், 2043. அதுக்கு முந்தி வித்தா, ஒன்பது கறுப்புக் குதிரை இல்ல, வக்கீல் நோட்டீஸ் வரும். உனக்குன்னு வரைஞ்சு உன் பெட்டியில வச்சுக்கோ. மூலையில உன் எழுத்தைப் போட மறக்காத. ஸ்மித் அப்படித்தான் சீட்டுக்குச் சீட்டு பாம்பு சுத்துன மாதிரி தன் எழுத்தைப் போட்டு வச்சா. வேலை பெருசு, காசு சொற்பம்னு அவளே கூட்டாளிக்குக் கடுதாசி எழுதியிருக்கா. பதிப்பிச்ச ரைடர் பேரும், எழுதுன வெயிட் பேரும் சீட்டோட ஒட்டிக்கிச்சு. அவ 1951-ல கடனோட செத்தா. மூலையில இருந்த எழுத்து மட்டும் யாரு கையிலயும் அழியல.

இப்ப ஏழாம் காசை எடு. அதைத்தான் கேக்க வந்தேன், மத்ததெல்லாம் சும்மா. ஒரு வெவசாயி மம்பட்டிக் கம்புல சாஞ்சு செடியைப் பாத்துக்கிட்டு நிக்கான். வெதைச்சாச்சு, இனி அவன் கையில ஒண்ணும் இல்ல. கலாட்ரியல் குடுத்த மண்ணை ஒவ்வொரு செடிக்கும் ஒரு துகள் போட்டுட்டு, குளிரு முழுக்கக் காத்துக் கெடந்தானே தோட்டக்கார சாம், அவன் சீட்டு அது. ஏழு மோதிரம் எங்கங்கியா? மண்ணுக்குள்ள. குள்ளங்க அங்கனதானே தோண்டுவாங்க.

நீ போட்டு வச்ச பென்சில் கோட்டையும் பாத்துட்டேன். மம்பட்டியைப் பல்லு வெளக்குற குச்சி மாதிரிப் பிடிச்சிருக்கான். அப்படிப் பிடிச்சவன் ஒரு பாத்திகூட வெட்டியிருக்க மாட்டான். நாளைக்குக் காலையில வெயில் ஏறுறதுக்கு முந்தி வெண்டைக்காய்ப் பாத்திக்கு வா. நான் சாஞ்சு நிக்கேன், அரை மணி நேரம் அசைய மாட்டேன். கால்ல மட்டும் ரோமம் பத்தாது, அதை நீ போட்டுக்கோ.