எங்கள் சபாவுக்குப் பாடகர் வர மாட்டார்

மார்கழி பிறந்தால் சென்னையில் சபாவுக்குச் சபா கச்சேரி. அங்கிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, சித்தூரில் நாங்களும் ஒரு சீசன் நடத்துகிறோம். எங்கள் சீசனில் பாடுகிறவர்கள் அநேகமாகக் காலமாகிவிட்டவர்கள். இதில் உள்ள சௌகரியம் கொஞ்சநஞ்சமில்லை. "தொண்டை கட்டிக்கிச்சு" என்று கடைசி நேரத்தில் சொல்லியனுப்ப மாட்டார்கள். ரயிலடிக்குக் கார் அனுப்ப வேண்டாம். கவரில் எவ்வளவு வைப்பது என்று கமிட்டி கூடித் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். தனி ஆவர்த்தனத்தில் முன்வரிசை முழுவதும் காபிக்கு எழுந்து போனாலும் மிருதங்கக்காரர் முறைக்க மாட்டார்.

சபா என்கிறேனே தவிர, அதற்குப் பெயரும் கிடையாது, ரசீதுப் புத்தகமும் கிடையாது. வெல்ல மண்டிக்காரர் வீட்டு மாடி ஹால்தான் அரங்கம். அவருடைய அப்பா கச்சேரி கச்சேரியாக அலைந்து சேர்த்த ஸ்பூல் டேப்புகளும் கேசட்டுகளும் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. பீரோவோடு சேர்த்து எங்களையும் அவர் பராமரித்து வருகிறார். ரிட்டயரான தெலுங்கு வாத்தியார் ஒருவர், ஊருக்கே மாஸ்டாரு. மெடிக்கல் ஷாப்காரர் ஒருவர், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருவார். மெஷின்களுக்குப் பொறுப்பு கரண்ட் சார். எலெக்ட்ரிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிவிட்டது, ஆனாலும் கரண்ட் போனால் எல்லோரும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்போம். சனிக்கிழமைக்கு ஒருவர் என்று முறை. முறைக்காரர் அன்றைக்கு என்ன போடுவது என்று முடிவு செய்து, இரண்டு வார்த்தை முன்னுரை சொல்ல வேண்டும். எங்கள் ஊர் அளவில் இரண்டு வார்த்தை என்பது அரை மணி.

இப்படிக் கூடிக் கேட்பது ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் கிராமபோன் சங்கங்கள் முளைத்து, 1936-ல் அவற்றுக்கெல்லாம் ஒரு சம்மேளனமே அமைந்தது. டீ குடித்து, பீத்தோவன் கேட்டு, சத்தம் போடாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சத்தம் போடாமல் எப்படி என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. சென்னை மியூசிக் அகாடமியில் டேக் டிஜிட்டல் காப்பகம் இருக்கிறது; திரையைத் தொட்டால் போதும், பழைய கச்சேரிகள் ஹெட்போனில் வந்து கொட்டும். பிரமாதமான வசதிதான். ஆனால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரோடு சண்டை போடுவது? பாடகர் என்றைக்கோ பாடிவிட்டுப் போய்விட்டார். இனிமேல் நிகழ்ச்சி நடத்த வேண்டியது கேட்கிறவர்கள்தான். அந்த வகையில் நாங்கள் குறை வைத்ததில்லை.

முதல் சண்டை எப்போதும் சுருதிக்குத்தான். டேப்ரிக்கார்டரில் பெல்ட் தளர்ந்தால் பாட்டு மெதுவாக ஓடிச் சுருதி இறங்கும். ஒரு மெஷினில் பதிந்ததை இன்னொரு மெஷினில் போட்டால் ஏறவும் ஏறும். வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு மாறினால் அரைக் கட்டை போச்சு. போன சீசனில் ஒன்றரைக் கட்டையில் பாடியிருக்க வேண்டிய கம்பீரமான வித்வான் இரண்டரைக்கு ஏறி, மீசை முளைக்காத பையனாகி வந்து நின்றார். மோட்டாரின் அடியில் வேகத்தைத் திருத்துவதற்கென்று ஒரு சின்ன ஓட்டை இருக்கும். கரண்ட் சார் அதற்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு மயிரிழை மயிரிழையாகத் திருகினார். மெடிக்கல் ஷாப்காரர் சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும்... போதும், போதும், தாண்டிட்டீங்க சார்" என்றார். "அவருக்கு ஒன்றரைதான்" என்றது ஒரு கட்சி. "அந்த வருஷம் உடம்பு சரியில்லாம ஒரு கட்டைக்கு இறக்கிட்டாரு" என்றது இன்னொன்று. அன்றைக்குப் பாட்டு கேட்டோமா என்றால், கேட்டோம். சரணத்தின் முதல் பாதியை மட்டும் பல கட்டைகளில் கேட்டோம்.

அடுத்தது தாளம். சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம் ஓடும். கச்சேரியில் உட்கார்ந்து பதிந்தவருக்குத் தனி ஆவர்த்தனத்தின் நடுவிலேதான் பக்கம் தீரும்; திருப்பிப் போடுகிற நேரத்தில் வாசித்தது போனது போனதுதான். அந்த இடைவெளியை நாங்கள் வீணாக்குவதில்லை. டேப் 'டக்' என்று நிற்கும். கரண்ட் சார் கேசட்டை எடுத்து, பல்சக்கரத்தில் பென்சிலை விட்டு ஒரு சுற்று இறுக்கி, திருப்பிப் போடும் வரை யாரும் தாளத்தை விட மாட்டோம். ஹாலில் பேச்சு மூச்சு இருக்காது; தொடைகள் மட்டும் அடிபட்டுக்கொண்டிருக்கும். காபித் தட்டோடு வந்த அந்த வீட்டு மருமகள் முதல் தடவை இதைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மிருதங்கம் திரும்ப வருகிற நேரத்தில் மாஸ்டாரு வீச்சில் இருப்பார், மண்டிக்காரர் மோதிர விரலில் இருப்பார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "மிருதங்கம் தப்பு" என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்வார்கள்.

இந்தத் தாளப் பிடிவாதத்துக்குக் காரணம் ஊர்ப் பெயர். லயத்துக்குப் பேர்போன சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1954-ல் சங்கீத கலாநிதி ஆனவர், திருப்பதி எஸ்.வி. இசைக் கல்லூரியில் முதல்வராகவும் இருந்தார். பிறந்தது புங்கனூரில். ஊர்ப் பெயரை வைத்துக்கொண்ட இன்னொரு பெரியவர், 1946-ல் 'தியாகய்யா' எடுத்துத் தியாகராஜராகவே நடித்த சித்தூர் வி. நாகையா. அவர் பிறந்தது குண்டூர்ப் பக்கம் ரேபல்லெ. வெளியே பிறந்தவர்கள் ஊரின் பெயரைக் கொண்டு போனார்கள். ஊருக்குள்ளேயே பிறந்த நாங்கள் வெறும் இனிஷியலோடு உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

சுப்பிரமணிய பிள்ளையின் குரு காஞ்சிபுரம் நைனாப் பிள்ளை, 1934-ல் காலமானவர். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை கொள்ளாத 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி அவருடையது. கிராமபோன் கம்பெனிகள் வித்வான்களைத் தேடி அலைந்த காலத்தில் வாழ்ந்தும் பிளேட் கொடுக்காமலே போய்விட்டார். 78 பிளேட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துச் சொச்சம்; அதற்குள் அவர் பெஞ்ச் சுருதி சேர்த்து முடித்திருக்காது. போன சீசனில் தன் முறை வந்ததும் மாஸ்டாரு, "இன்னிக்கு நைனாப் பிள்ளை" என்று அறிவித்துவிட்டார்.

"அவருதுதான் ஒண்ணும் இல்லியே மாஸ்டாரு, என்னத்தப் போடுவீங்க?"

"ஒண்ணும் இல்ல. அதாங்க விசேஷம்!"

பேசியே தீர்த்தார். யார் எந்தப் பக்கம் உட்காருவார்கள், பல்லவியை எங்கே எடுப்பார், எவர் எங்கே சறுக்குவார் என்று காலி ஜமக்காளத்தைக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். பதிவு சரியில்லை, இரைச்சல், சுருதி ஏறிப்போச்சு என்று ஒருவரும் வாய் திறக்காத மாலை அந்த சீசனில் அது ஒன்றுதான். கடைசியில் மனசு கேட்காமல், சுப்பிரமணிய பிள்ளையின் சிஷ்யர் மதுரை சோமுவின் கச்சேரி ஒன்றைப் போட்டோம். சோமு பாட உட்கார்ந்தால் நடுராத்திரி தாண்டியும் எழுந்திருக்க மாட்டார் என்பது ஊரறிந்த சங்கதி. மூன்றாவது கேசட் ஓடும்போது மெடிக்கல் ஷாப்காரரின் தம்பி ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுச் சாவி கொடுக்க வந்தார். நாலாவது கேசட்டுக்கு அவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சென்னை வித்வான்களுக்குத் தெரியாத ஓர் ஆபத்தும் இங்கே உண்டு: சாகித்யம் எங்களுக்குப் புரியும். எங்கள் ஊரில் பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு, சண்டை வந்தால் எல்லா வீட்டிலும் இரண்டும். தியாகராஜர் ராமனிடம் உருகுகிற இடத்தில் தமிழ்நாட்டுப் பாடகர் மூச்சு வாங்குவதற்காக ஒரு சொல்லை நட்டநடுவில் வெட்டினால், மாஸ்டாரு தன்னையே வெட்டின மாதிரி காதைப் பொத்திக்கொள்வார். அடுத்த வாரம் தெலுங்குப் பாடகி ஒருவரின் திருப்பாவை. 'ழ' வர வேண்டிய இடத்திலெல்லாம் 'ள' வந்தது. மண்டிக்காரர் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு 'ள'வுக்கும் மாஸ்டாருவைப் பார்த்து ஒரு விரலை மடக்கினார். இரண்டு கை விரலும் தீர்ந்ததும் மாஸ்டாரு, "போதும் அய்யா, கணக்கு நேராயிடுச்சு" என்றார்.

பழைய டேப்பில் பாட்டு மட்டுமா இருக்கும்? எந்தச் சபாவிலோ யாரோ இருமியது, நாற்காலி இழுத்தது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. 1960-களில் பதிந்த ஒரு கச்சேரியில், தோடி ஆலாபனை உச்சிக்குப் போகிற நேரம் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டு அழும். "யாராவது வெளிய தூக்கிட்டுப் போங்களேன்" என்று மெடிக்கல் ஷாப்காரர் வருஷம் தவறாமல் சீறுவார். அந்தக் குழந்தைக்கு இந்நேரம் அறுபது தாண்டியிருக்கும். வேறெங்கோ ஒரு சபாவில் அடுத்தவர் பேரனை அதட்டிக்கொண்டிருக்கலாம். பாட்டு முடிந்ததும் நாங்கள் கை தட்டலாமா என்பதும் இதுவரை தீராத வழக்கு. டேப்பிலேயே தட்டிவிடுகிறார்கள், அதற்கு மேல் தட்டினால் பாடகருக்கா, கரண்ட் சாருக்கா? இந்தக் குழப்பமெல்லாம் ஆதி காலத்தில் இல்லை. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிந்தபோது, பாட்டு முடிந்ததும் அவரே தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். பிளேட் அச்சானது ஜெர்மனியில். யார் பாட்டு என்று அங்கே தெரிய வேண்டுமே.

சீசனின் கடைசி மாலையை இந்தத் தடவை திருப்பதியில், மாஸ்டாருவின் மகள் வீட்டில் வைத்துக்கொண்டோம். எழுபது கிலோமீட்டர், பஸ்ஸில். ரிக்கார்டு பிளேயர் கரண்ட் சார் மடியில், எல்.பி.க்கள் என் மடியில். பெட்டிக்குள் என்ன என்று கண்டக்டர் கேட்டார். சொன்னோம். "திருப்பதிக்கா பாட்டு எடுத்துட்டுப் போறீங்க?" என்று சிரித்தவர் சந்திரகிரி வரைக்கும் நிறுத்தவில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவர்கள் நாங்கள். ஊசியும் கையோடுதான் இருந்தது.

அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. திருமலையில் மார்கழி மாதம் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை. கீழே கடைகளுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை, 1963-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி பதிந்த சுப்ரபாதம் எந்நேரமும் கிடைக்கும். நாங்கள் கொண்டுபோனதும் எம்.எஸ்.தான்: தேவஸ்தானத்துக்காகப் பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலா, ஐந்து எல்.பி. யமுன்கல்யாணியில் அன்னமய்யாவின் 'பாவயாமி' ஆரம்பித்தது. தெருமுனைக் கடையிலும் அப்போது அதே எம்.எஸ்., அதே யமுன்கல்யாணி, எங்களுக்கு அரை ஆவர்த்தனம் முன்னால். எங்கள் எல்.பி. கடைக்காரரின் பென் டிரைவுக்குப் பின்பாட்டுப் பாடியது. ஜன்னலைச் சாத்தினோம்; வியர்த்துக் கொட்டியது. திறந்தோம், கடைக்காரர் ஜெயித்தார்.

மாஸ்டாரு அசரவில்லை. பிளேட்டில் பதிந்து வைப்பதைத் திருப்பதிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்று ஆரம்பித்தார். அன்னமய்யா என்கிற தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார், 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர், 32,000 சங்கீர்த்தனங்கள் செய்தார் என்பார்கள். அவருடைய குடும்பத்தார் அவற்றைச் செப்பேடுகளில் வெட்டிக் கோயில் அறையில் வைத்துப் பூட்டினார்கள். போன நூற்றாண்டில் வெளியே வந்தபோது 12,000-க்கு மேல் தேறியது. ஏட்டில் சாகித்யம் இருக்கிறது, ராகத்தின் பெயர் இருக்கிறது, மெட்டு இல்லை. பிளேட் உண்டு, லேபிள் உண்டு, ஊசி வைத்தால் சத்தம் வராது. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி, கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் போன்றவர்கள் புதிதாக மெட்டுப் போட்ட பிறகுதான் ஏடு பாடியது. "பாவயாமி மெட்டு நேதுனூரி போட்டதுங்க" என்று மாஸ்டாரு முடிக்கவும், கடைக்காரர் அதே பாட்டை இரண்டாவது தடவை போடவும் சரியாக இருந்தது.

இனி நிறைவு. பக்கத்து வீட்டில் சங்கீதம் படிக்கிற பையன் ஒருவன் இருந்தான். உயிரோடு இருக்கும் ஒருவரைப் பாட வைப்பது எங்கள் வழக்கத்துக்கு விரோதம் என்றாலும், ஒரு மோகனம் பாடச் சொன்னோம். நன்றாகவே பாடினான். அனுபல்லவியில் ஒரு சங்கதி போட்டான் பாருங்கள், மண்டிக்காரர் தன்னை மறந்து, "தம்பி, அதைக் கொஞ்சம் ரீவைண்ட் பண்ணு" என்றுவிட்டார். பையன் சிரித்துக்கொண்டே மறுபடியும் எடுத்தான். இந்தத் தடவை வேறு ஒரு வளைவு வளைத்து, முன்னதைவிட அழகாக வந்து இறங்கினான்.

"முதல்ல பாடின மாதிரி இல்லியே?" என்றார் மெடிக்கல் ஷாப்காரர்.

"இப்ப வேற மாதிரி வந்துச்சு சார்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கரண்ட் சாரின் கை தன்னை அறியாமல் சட்டைப் பை ஸ்க்ரூடிரைவருக்குப் போனது. பையன் அதைக் கவனித்துவிட்டு மளமளவென்று மங்களம் பாடி முடித்தான்.