கவிழ்த்துப் பார்க்கும் கலை

கண்ணாடி மீன் பொம்மையின் முகத்தைப் பார்த்து ரசிப்பவன் பாமரன். விவரம் தெரிந்தவன் அதைக் கவிழ்த்துப்போட்டு அடிவயிற்றைப் பார்ப்பான். செய்யும்போது பிடித்திருந்த இரும்புக் கம்பியிலிருந்து உடைத்தெடுத்த தழும்பு இருக்கிறதா, அதை மழமழவென்று தேய்த்திருக்கிறார்களா, ஓரத்தில் கையெழுத்துக் கீறல் தெரிகிறதா? ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் புற ஊதா விளக்கு. பளீரென்று பச்சையாக ஒளிர்ந்தால் உள்ளே யுரேனியம் இருக்கலாம். அதற்கெல்லாம் அலறக் கூடாது. கையெழுத்து இல்லையென்றால் அலறலாம்.

கையெழுத்து விஷயத்தில், படிகப் பொம்மை செய்யும் ஸ்வரோவ்ஸ்கிக்காரர்கள் புண்ணியவான்கள். 1976-இல் ஒரு படிக எலியில் தொடங்கியவர்கள், பிற்பாடு அன்ன முத்திரைக்கு வந்துவிட்டார்கள். பாலையும் நீரையும் பிரிக்கிற பறவை, அசலையும் போலியையும் பிரிக்காதா!

வெனிஸ் பக்கத்து முரானோ தீவில்தான் சிக்கல். 1291-இல் கண்ணாடி உலைகள் அங்கே குடியேறின. எழுநூறு வருஷமாக ஊதுகிறார்கள். பொம்மையில் பெயர் எழுத மட்டும் பலருக்கு மூச்சு மிஞ்சவில்லை. காகித லேபிள் ஒட்டி அனுப்பினார்கள். லேபிள் இருந்தால் கலைப்பொக்கிஷம். உதிர்ந்தால் ‘முரானோ பாணி’. மீன் என்னவோ அதே மீன்தான்.

என்னிடம் லேபிளோடு ஒன்று இருந்தது. அழுக்கேறி எழுத்து மங்கியிருந்ததால், படிப்பதற்காக வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்தேன். பத்து நிமிஷத்தில் மீன் அடியில் கிடந்தது; லேபிள் நீந்திக்கொண்டிருந்தது.

லேபிளைப் பதமாக உலர்த்தி ஷோகேஸில் வைத்துவிட்டேன். மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாதிருக்க மேலே அந்த மீனை வைத்திருக்கிறேன்.