நாமகரணம்

மேலேயிருந்து பார்த்தால் மனிதனுடைய சுகசாதனங்கள் எல்லாம் வெறும் சதுரமும் வட்டமுமே என்கிற ஞானம் ரிஷிகளுக்குத் தவத்தினால் சித்தித்திருக்கலாம். எனக்கோ அது வீடுகளுக்கு உள்ளலங்கார வரைபடம் போட்டுப் போட்டே கிடைத்தது. சோபா ஒரு நீண்ட சதுரம். நாற்காலி ஒரு குட்டிச் சதுரம். அடுப்பு, சதுரத்துக்குள் நாலு வட்டம். இவற்றை வீட்டுக்கு வீடு புதிதாக வரைவது வீண் பிரயாசை ஆகையால், ஒரு முறை வரைந்து, பெயர் சூட்டி, கம்ப்யூட்டரில் சேமித்துக் கொண்டு, வேண்டும்போது வேண்டிய இடத்தில் இறக்கிக் கொள்கிறோம். இதற்குத் தொழிலில் 'பிளாக்' என்று பெயர்.

இந்த யுக்திக்கு மூலபுருஷர் ஐவன் சதர்லண்ட். 1963இல் எம்.ஐ.டி. கலாசாலைக்குச் சமர்ப்பித்த ஆராய்ச்சியில் அவர் விவரித்த 'ஸ்கெட்ச்பேட்' என்னும் மென்பொருளில், மூலச் சித்திரத்தைத் திருத்தினால் அதன் பிரதிகள் அனைத்தும் தாமே திருந்திவிடும். ஒன்றே பலவாகத் தோன்றுகிறது என்பதை நிரூபிக்க நம் வேதாந்திகள் எத்தனையோ பாஷ்யங்கள் எழுத வேண்டியிருந்தது; அவர் ஓர் ஒளிப்பேனாவைத் திரையில் வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார்.

ஆனால் பிரம்மம் ஒன்றுதான். என்னிடம் சேர்ந்த பிளாக்குகளோ பல்லாயிரம். நண்பர்கள் கொடுத்தவை, இலவசமாக வந்தவை, பழைய வேலைகளில் மிஞ்சியவை என்று எல்லாம் ஒரே பெட்டியில் கிடந்தன. பனிப்பொழிவையே பார்த்திராத சென்னை வீடுகளுக்கு உதவும் பொருட்டுக் கணப்படுப்பில் மட்டும் பதினாறு தினுசு இருந்தது. மில்லிமீட்டர்க் கணக்கில் வரைந்த 2100 அளவுள்ள சோபாவை, அலகைக் கவனியாமல் அங்குலக் கணக்கு வரைபடத்தில் இறக்கினால், அது 175 அடி நீளத்துக்குக் கூடத்தைத் துளைத்துக் கொண்டு பக்கத்து மனைக்குப் போய்ச் சேரும். அங்குலக் கட்டிலை மில்லிமீட்டர் வீட்டில் இறக்கினாலோ, எறும்புதான் படுக்கலாம்.

இவற்றையெல்லாம் பொறுத்துக் கொண்டிருந்த என்னைத் தடுத்தாட்கொண்டது ஒரு கழிப்பறைப் பீடம். ஒரே வரைபடத்தில் ஒரே பெயருள்ள இரண்டு பிளாக்குகள் வசிக்க இயலாது. வெளியிலிருந்து ஒட்டப்படும் பிளாக்கின் பெயர் உள்ளே ஏற்கெனவே இருக்குமானால், உள்ளே இருப்பதன் உருவமே நிலைக்கும். வந்தது தன் உருவத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டியதுதான். ஆறு மாதத்துக்கு முன்பு நான் ஓர் இரட்டைக் கட்டிலுக்குச் சூட்டியிருந்த திருநாமம் 'புதியது 1'. என் உதவியாளன் கழிப்பறைப் பீடத்துக்குச் சூட்டியிருந்ததும் அதே திருநாமம். மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவருடைய வீட்டு வரைபடத்தில், அந்தப் பீடம் ஏற்கெனவே குடியேறியிருப்பதை அறியாமல், அவசர அவசரமாக நான் கட்டிலை ஒட்டி, அச்செடுத்து, அவர் முன்னே பவ்வியமாக விரித்தபோது, படுக்கையறையின் நட்டநடுவே, ஜன்னலைப் பார்த்தபடி, ஒரு பீடம் கம்பீரமாக வீற்றிருந்தது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் காகிதத்தைச் சுருட்டிக் கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று தொடங்கி மூன்று வாரம் நாமகரண வைபவம் நடந்தது. அறை, பொருள், அளவு, தோற்றம் என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தோம். நிறம் எதையும் தனியே பூசாமல், 'லேயர்' எனப்படும் வரைபட அடுக்குகளில் பூஜ்ய லேயரில் வரைந்த பிளாக், எந்த லேயரில் இறக்கினாலும் அதன் வர்ணத்தையே மேற்கொள்ளும், போன ஊரின் பாஷையைப் பேசும் பரதேசியைப் போல; ஆகவே எல்லாவற்றையும் அந்தப் பக்குவத்துக்குக் கொண்டு வந்தோம். கதவைப் பிடித்து இறக்க வேண்டிய புள்ளி கீல் மூலை என்றும், அலமாரிக்குச் சுவரோடு ஒட்டும் மூலை என்றும் நிர்ணயித்தோம். கணப்படுப்புகளுக்கு மோட்சம் அளித்தோம்.

அப்போதுதான், இத்தனை ஆயிரத்தில் ஓர் ஊஞ்சலோ, ஒரு மாவு கிரைண்டரோ, ஒரு பூஜை அலமாரியோ கிடையாது என்பது தெரிய வந்தது. ஊஞ்சலை வரைந்தோம், முன்னும் பின்னும் ஆடுவதற்கான இடத்தைப் புள்ளிக்கோட்டால் காட்டினோம், விட்டத்துக் கொக்கிகளின் நடுவை அதன் பிடிபுள்ளியாக வைத்தோம். ஆனால் எந்த வகுப்பில் சேர்ப்பது? ஆசனம் என்றான் உதவியாளன். தாத்தா அதில் தூங்குவதால் படுக்கை என்றேன் நான். பிள்ளைகளைக் கேட்டால் விளையாட்டுச் சாமான் என்பார்கள். கடைசியில், மனிதர்களைப் போலவே சில பொருள்களும் வகுப்புக்குள் அடங்காதவை என்று தெளிந்து, ஊஞ்சலுக்கென்றே தனிப் பெட்டி ஒன்றை ஒதுக்கினோம்.

சர்வ லட்சணமும் பொருந்திய புதிய வரைபடத்துடன் பெரியவரிடம் மறுபடி போனேன். கட்டில் கட்டிலாகவும், பீடம் குளியலறையிலும் இருந்தன. அவர் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு சிறு ஏமாற்றம் படர்ந்தது.

"போன தடவை காட்டினதுதான் எனக்குப் பிடிச்சிருந்துது, சார். ராத்திரியிலே நாலு தடவை எழுந்திருக்கிறவன் நான். என் வயசை யோசிச்சுப் போட்டிருக்கேளேன்னு சந்தோஷப்பட்டேன்" என்றார்.