நாலடிப் பலகையில் பிக் பாய்: வளைவின் ஆரம் குறித்து ஓர் ஆராய்ச்சி

மாதிரி ரயிலின் நீராவி எஞ்சின் எவ்வளவு குறுகிய வளைவில் திரும்பும்? எஞ்சினின் நீளத்தைப் பொறுத்தது என்பர் ஒரு சாரார். அற்றன்று, இணைந்து சுழலும் சக்கரங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா. அதைத் தீர்மானிப்பது பிளைவுட் ஆலை என்பதே நம் துணிபு. இனி அதை நிறுவுவாம்.

சிறிய எஞ்சினை எடுத்துக்கொண்டு வாதிடுவது கோழைத்தனம். ஆகவே பிக் பாயையே எடுத்துக்கொள்வோம். யூனியன் பசிபிக் ரயில்வேக்காக 1941 முதல் 1944 வரை நியூயார்க் மாநிலத்து ஸ்கெனெக்டடியில் ஆல்கோ நிறுவனம் கட்டிய எஞ்சின்; மொத்தம் 25. பின்னால் கரியும் நீரும் சுமக்கும் டெண்டரையும் சேர்த்து நீளம் 132 அடி 9 அங்குலம். இவ்வளவு பெரிய உருப்படியை 20 டிகிரி வளைவில் திரும்பும்படி வடிவமைத்தார்கள். 100 அடி நாண் ஒன்று வட்ட மையத்தில் 20 டிகிரி கோணத்தை உண்டாக்கினால் அது 20 டிகிரி வளைவு. அதன் ஆரம் ஏறத்தாழ 288 அடி. ஹெச்ஓ அளவில், அதாவது 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால், ஆரம் ஒரு மீட்டர். போன வண்டி திரும்பி வர வேண்டுமென்றால் அரைவட்டத்துக்கு மட்டும் இரண்டு மீட்டர் அகலம் வேண்டும். அவ்வளவு அகலமான மேசையின் நடுவில் வண்டி தடம்புரண்டால் யார் கைக்கும் எட்டாது. மேசைமேல் ஏறித்தான் தூக்க வேண்டும்.

அமெரிக்கக் கடைகளில் நெடுங்காலமாகக் கிடைத்துவரும் ஹெச்ஓ வளைவுகளோ 18 அங்குலம், 22 அங்குலம். ஏன் 22? அங்கே பிளைவுட் பலகை 4 அடிக்கு 8 அடி. 22 அங்குல ஆரத்துக்கு விட்டம் 44. பக்கத்துக்கு இரண்டு அங்குலம் மிச்சம். ஆரத்தை 24 ஆக்கினால் தண்டவாளத்தின் நடுக்கோடு பலகை விளிம்பிலேயே ஓடும், பாதி ரயில் அந்தரத்தில் தொங்கும். இதற்குமேல் சான்று வேண்டுவோர் பலகையை அளந்து பார்க்க.

18 அங்குல வளைவை நிஜ அளவுக்குப் பெருக்கினால் ஆரம் 131 அடியைத் தொடாது. எஞ்சினோ 132 அடி 9 அங்குலம். வளைவின் ஆரத்தைவிட அதில் போகிற வண்டி நீளம்! ஜெர்மானியர் இன்னும் துணிந்தவர்கள். மார்க்லின் நிறுவனத்தின் பிக் பாய், அவர்களுடைய மிகச் சிறிய வளைவுகளில் ஒன்றான 360 மில்லிமீட்டரிலேயே திரும்புகிறது. நிஜக் கணக்கில் 31 மீட்டர் ஆரத்தில் 40 மீட்டர் எஞ்சின்.

இது எப்படி நடக்கிறது? அனத்தோல் மாலே என்ற பொறியாளரின் முறைப்படி, பின்சக்கரத் தொகுதி கொதிகலனோடு அசையாமல் பிணைந்திருக்கும். முன்தொகுதி மட்டும் பக்கவாட்டில் திரும்பும். பொம்மை செய்வோரில் பலர் பின்தொகுதியையும் திருப்பிவிட்டார்கள். பலன்: சக்கரங்கள் வளைவோடு போக, கொதிகலன் மட்டும், தோளில் ஏணியைப் போட்டுக்கொண்டு சந்து திரும்புகிறவரைப் போல, மூக்கை வெளியே நீட்டிச் சிக்னல் கம்பத்தைச் சாய்த்துவிட்டுப் போகிறது.

சிறிய எஞ்சின்களுக்கும் சங்கடம் உண்டு. முன்னே ஓடும் சிறுசக்கரங்கள் வளைவில் ஒதுங்கி உலோகச் சிலிண்டரில் உரசும். இரு தண்டவாளங்கள் வழியே மின்சாரம் பாயும் அமைப்பானால் அங்கேயே ஷார்ட் சர்க்யூட், வண்டி நிற்கும். குறுகிய வளைவில் திரும்ப, நடுச்சக்கரங்களின் விளிம்பை வழித்துவிடுவது இன்னொரு வழி. இதை மோசடி என்போர்க்கு விடை: பிரிட்டிஷ் ரயில்வே 1954 முதல் 1960 வரை கட்டிய 251 ‘9எஃப்’ எஞ்சின்களிலும் நடு ஜோடிக்கு விளிம்பு கிடையாது. இனி, மாதிரியில் டெண்டரை இணைக்கும் கம்பியை உற்றுப் பாருங்கள். பல மாதிரிகளில் அதற்கு இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் மாட்டினால் டெண்டர் எஞ்சினோடு ஒட்டி அழகாக நிற்கும், வளைவில் முட்டும். மற்றதில் மாட்டினால் வளைவில் திரும்பும். ஆனால் ஓட்டுநர் அறைக்கும் டெண்டருக்கும் நடுவே கரி அள்ளிப் போடுகிறவர் தாண்டிக் குதிக்க வேண்டிய பள்ளம் விழும்.

நிஜ ரயிலில் இப்படி ஏமாற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு. 1934இல் சோவியத் நாடு ஏழு அச்சுகளை இணைத்து ‘ஏஏ20’ என்ற எஞ்சினைச் செய்தது. அது ஓடிய இடமெல்லாம் தண்டவாளம் விரிந்தது, தடம் மாற்றும் பாயின்ட்டுகள் நாசமாயின. ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள், 1960இல் உடைத்துப்போட்டார்கள். அட்டைப்பெட்டியில் ‘18 அங்குல ஆரம் போதும்’ என்று அச்சடித்து விற்கும் வசதி அவர்களுக்கு இல்லை.

நேர்ப்பாதை திடீரென வளைவாகும் இடத்தில் பெட்டியின் மூலை வெடுக்கென ஒதுங்குமே, அந்த ஆட்டத்துக்கு ‘தள்ளாட்டக் கெழு’ என்று பெயர் வைத்தவர் ஜான் ஆர்ம்ஸ்ட்ராங், அமெரிக்க மாதிரி ரயில் திட்டங்களின் தந்தை எனத் தகுந்தவர். நம் துறைக்கு வாய்த்த ஒரே பெருந்தத்துவம் இதுவே. நேரிலிருந்து மெல்ல மெல்ல வளையும் இடைவளைவைப் போட்டால் தள்ளாட்டம் தணியும். அந்த இடைவளைவுக்கும் இடம் அதே நாலடிக்குள்தான்.

18 அங்குலத்தில் முழு வட்டம் போடுவோர் மற்றொன்றையும் அறிக. அதன் சுற்றளவு 2.87 மீட்டர். பிக் பாயின் பின்னே நாற்பதடிச் சரக்குப் பெட்டிகள் பதினாறு கோத்தால், எஞ்சின் தன் கடைசிப் பெட்டியை இடிக்கும் தூரத்துக்கு வந்துவிடும். அமெரிக்காவின் வாசாட்ச் மலையில் ஆயிரக்கணக்கான டன் இழுத்த எஞ்சின் தன்னைத்தானே துரத்துகிறது.

எனவே பிக் பாயின் மெய்யான குறைந்தபட்ச ஆரம் முடிவிலி. அதற்கு ஓரடி அகலக் கண்ணாடி அலமாரியும் அரை மீட்டர் நேர்த் தண்டவாளமும் போதும். வாங்கியவர்களில் எத்தனையோ பேர் அதை அங்கேதான் நிறுத்தியிருக்கிறார்கள், டெண்டரை ஒட்டவைக்கும் துளையில் கம்பியை மாட்டி.