தையல் மெசினுக்கு மேல் தொலைக்காட்சி வைத்தல்: புத்தளக் கரையோர வழக்காறு பற்றிய ஓர் ஆய்வு

சிலாபத்திலிருந்து கற்பிட்டி முனை வரைக்குமான கரையோரம் ஆய்வாளர்களுக்குப் புதிதல்ல. முன்னேஸ்வரத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள், தலவில அன்னம்மாளைப் பற்றி எழுதிவிட்டார்கள், உடப்புத் தீமிதிப்பைப் படம் பிடித்துவிட்டார்கள். கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கினார்கள் என்பதைச் சுற்றுலா வழிகாட்டி மனப்பாடமாகவே சொல்வார். ஆனால் அந்தக் கோட்டைக்குப் போகும் வழியில் வீட்டுக்கு வீடு விறாந்தையின் மூலையில் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு நிற்கும் கறுப்பு இரும்புச் சாமானைப் பற்றி இன்றுவரை ஒரு கலாநிதியும் வாய் திறக்கவில்லை. துறைக்கு நேர்ந்த இந்த அவமானத்தைத் துடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறையியலைச் சொல்லிவிடுகிறேன். விறாந்தையில் உட்கார வேண்டும். தருகிற பிளேன்டீயைக் குடிக்க வேண்டும். மழை, தேங்காய் விலை, இறால் விலை என்று பேச்சை நடத்திய பிறகே கண்ணை மெல்ல மூலைப் பக்கம் திருப்ப வேண்டும். பழைய மெசின் சேர்ப்பவர்கள் பலர் வாசலிலேயே மெசினைப் பார்த்துச் சிரித்துவிடுகிறார்கள். சிரிப்பு ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் வீதம் விலை ஏறும் என்பது என் கணிப்பு.

இம்முறையால் கண்டறியப்பட்ட மெசின்களை இரண்டு பெருங்குலங்களாக வகுக்கலாம். கையால் சுற்றுவது, காலால் மிதிப்பது என்பது பழைய வகைப்பாடு, அது மேலோட்டமானது. உண்மையான வகைப்பாடு, மேலே ஏதேனும் வைக்கப்பட்ட மெசின், மேலே ஏதும் வைக்கப்படாத மெசின் என்பதே. மேலே ஒன்றும் இல்லாதவற்றில் மிகச் சில இன்னும் தைக்கின்றன. அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி கொடுக்கிற பருவத்திலும், நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களிலும் அவற்றின் சத்தம் இரவு பன்னிரண்டு மணிக்கும் கேட்கும். மற்றவை ஆபத்தில் இருப்பவை. ஏன் ஆபத்து என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் காலக்கணிப்பு. மரக்கரிக்குக் கரிமக் கணிப்பு போல நமக்கு வாய்த்திருப்பது மெசினின் வலப்பக்க அடித்தட்டில் பொறித்திருக்கும் இலக்கம். சிங்கர் மெசினாக இருந்து இலக்கத்துக்கு முன் எழுத்தே இல்லையென்றால் அது 1900க்கு முந்தியது. ஆங்கில ‘எஃப்’ எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் 1910களின் சரக்கு. ‘வை’ என்றால் 1920கள் தொடங்கி 1935 வரை. இந்த எழுத்துகளெல்லாம் ஸ்கொட்லாந்தில் கிளைட்பேங் என்ற ஊரின் தொழிற்சாலைக்கு உரியவை. 1885இல் திறந்து 1980இல் மூடிய அந்தத் தொழிற்சாலை, முதலாம் உலகப் போருக்குச் சற்று முன் வருடத்துக்குப் பத்து இலட்சத்துக்கும் மேலான மெசின்களை வெளியே அனுப்பியது. தொழிற்சாலை போய்விட்டது. ஆனால் அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு இன்றும் ‘சிங்கர்’ என்றுதான் பெயர். பாலாவி நிலையத்துக்கு ‘உப்பு’ என்று பெயர் வைக்க நமக்குத் தோன்றவில்லை.

ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்றது 1851இல். 1856இல் அவருடைய கூட்டாளி எட்வர்ட் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். பாவாடை தைக்கும் கருவியைக் கடன் வாங்கும் கருவியாகவும் மாற்றிய மேதை அவர். 1877இல் சிங்கர் இலங்கைக்கு வந்தது. அதே பெயரில் இன்று குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் விற்கிறார்கள். ஆகவே இக்கரையோர வீடுகளில் ஓர் அபூர்வக் காட்சியை ஆய்வாளர் காணலாம்: கீழே 1930களின் சிங்கர், அதன் மேல் இந்த நூற்றாண்டின் சிங்கர். முந்தியது தவணை முடிந்து எண்பது வருடத்துக்கு மேல். மேலே இருப்பதற்கு இன்னும் நாலு தவணை பாக்கி.

முன்னோர் ஆய்வு என்ற பகுதியில் காந்தியடிகளைத் தவிர்க்க முடியாது. 1924இல், பின்னாளில் காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன் அவரிடம், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். தையல் மெசினுக்கு விலக்கு அளித்தார் காந்தி. மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன நியாயம். சிங்கருக்குப் பல குடும்பங்களில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அன்பை மறுப்பதற்கில்லை, எந்த மனைவி என்பதில்தான் அறிஞர்களிடையே தெளிவில்லை. மூன்று வருடம் கழித்து, 1927 நவம்பரில் இலங்கைச் சுற்றுப்பயணத்தின்போது காந்தி சிலாபத்துக்கும் வந்தார். அவ்வூரின் கொரெயா குடும்பத்தார் வரவேற்றார்கள். எனவே நம் ஆய்வு எல்லைக்குள் காலடி வைத்த ஒரே தையல் மெசின் கோட்பாட்டாளர் அவர் என்று துணிந்து கூறலாம்.

அலங்காரவியலில் ஒரு சிக்கலுண்டு. பழைய கை மெசின்கள் சிலவற்றின் உடம்பில் பொன் நிறத்தில் எகிப்திய ஸ்பிங்ஸ் உருவம் இருக்கும். மனிதத் தலை, சிங்க உடல். எகிப்து மோகம் பிடித்திருந்த ஐரோப்பாவுக்காகப் போட்ட படம் அது. உடப்பில் ஒரு பெரியவர் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “நரசிம்மத்தை மாத்திக் கீறிப்போட்டாங்கள் தம்பி” என்றார். இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தக் கலைவரலாற்று நூலிலும் படித்ததில்லை.

இனி இரசாயனவியல். இக்கரையில் மெசினுக்கு எதிரி இருவர்: ஒருவர் கடல், மற்றவர் தென்னை. உப்புக் காற்றிலுள்ள குளோரைட்டு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, நிக்கல் பூச்சின் நுண்ணிய வெடிப்புகள் வழியே உள்ளே இறங்கித் துருப்பிடிக்க வைக்கும். கறுப்பு அரக்குப் பூச்சுள்ள வார்ப்பிரும்பு உடம்பு அசையாமல் நிற்கும்; ஊசித் தண்டும், பாதமும், பளபளத்த தகடும்தான் முதலில் போகும். ஆனால் துருவை எடுத்துவிடலாம். தென்னை அப்படி விடாது. தெங்கு முக்கோணத்தில் பிறந்த எந்தக் குடும்பத்துக்கும் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய்தான். தலைக்கு, கறிக்கு, கதவுப் பிணைச்சலுக்கு, மெசினுக்கு. அது உலர்ந்து பிசினாகிற இனமல்ல என்று பாடப்புத்தகம் சொல்லும். பாடப்புத்தகம் எழுதியவர் நூல் தூசியையும் இருபது வருடத்தையும் கணக்கில் எடுக்கவில்லை. மெசினைச் சரித்து அடிப்பக்கம் பார்த்தால், தேன் நிறத்தில் ஒரு பசை ஒவ்வொரு மூட்டையும் பிடித்து வைத்திருக்கும். அதில் எறும்பு, தேய்ந்த சாக்குக்கட்டி, ஒரு சட்டைப் பொத்தான்.

புத்தளத்தில் மெசின் திருத்தும் பாஸ் ஒருவர் இதைக் கையாளும் விதத்தைக் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். ஓங்கித் தட்டவில்லை, சில்லைப் பலவந்தமாகச் சுற்றவில்லை. எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் சொட்டவிட்டார். கைச் சில்லை நெல்லளவு முன்னே, நெல்லளவு பின்னே அசைத்தார். பிறகு ஒரு துணியைப் போர்த்திவிட்டு வேறு வேலை பார்த்தார். மறுநாள் இன்னும் கொஞ்சம். அதன்பின் பொபின் இருக்கும் கூட்டைக் கழற்றி, மெல்லிய குறடால் உள்ளிருந்து ஒரு நூல் சுருளை இழுத்தார். கருஞ்சிவப்பு நூல், என் நடுவிரல் நீளம். “இவ்வளவுதான் வருத்தம்,” என்றார். சில்லு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. மெசின் எண்ணெய் விட்டார், கால்பலகைக்குப் புதுத் தோல் பட்டி போட்டார். பொன் பூவைத் தின்னர் போட்டுத் துடைக்க முன்வந்த வீட்டுக்கார மருமகனை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பூவுக்கு மேல் இருப்பது மெல்லிய அரக்குப் பூச்சு. ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் பூவோடு போய்விடும்.

உதிரிப்பாகத்தில் இந்த இனத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. சிங்கரின் 15ஆம் இலக்க மாதிரியைப் போருக்குப் பிறகு ஜப்பான்காரர் அப்படியே நகலெடுத்தார்கள். சீனத்து மெசின்களும் அதே வழியில் வந்தன. அதனால் 1930களின் மெசினுக்குரிய பொபினும் ஊசியும் இன்றும் கடையில் கிடைக்கின்றன. நீள் பொபின் போடும் பழைய படகுச் சட்டில் மெசின்களுக்குத்தான் அந்த யோகம் இல்லை. அவற்றைச் சேர்ப்பவர்கள் ஒரு பொபினுக்காக ஊர் ஊராக அலைவார்கள்.

இப்போது இந்த ஆய்வின் மையக் கருதுகோள். இதைச் ‘சுமைக் காப்புக் கோட்பாடு’ என்று அழைக்கிறேன்: மேலே ஒரு பாரமுள்ள பொருள் இருக்கும்வரை தையல் மெசின் வீட்டை விட்டுப் போகாது. பழைய இரும்பு லொறி தெருவுக்கு வரும்போது, மெசினை எடுக்க வேண்டுமென்றால் தொலைக்காட்சியை இறக்க வேண்டும். இறக்கினால் எங்கே வைப்பது என்று உம்மா கேட்பா. அதற்குள் லொறி முந்தல் ஊரைத் தாண்டிவிடும்.

கோட்பாட்டுக்கு வந்த கடுமையான சோதனை 2009. அந்த ஏப்ரலில் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் மெசினுக்குள் ‘சிவப்புப் பாதரசம்’ இருக்கிறது என்று ஒரு புரளி கிளம்பியது. ஊசிக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியைப் பிடித்தால் அழைப்பு அறுந்துவிடும், அதுதான் அடையாளமாம். சில ஆயிரம் ரூபாய் பெறாத மெசினுக்கு இரண்டு இலட்சம் ரியால்வரை பேசினார்கள் என்று செய்திகள் வந்தன. சிவப்புப் பாதரசம் என்று ஒரு பொருளே உலகில் இல்லை. ஆனால் அரபு நாட்டில் ஆள் இல்லாத வீடு அரிதான கரை இது. அங்கே தும்மினால் இங்கே தொலைபேசி அடிக்கும். ஊசிக்கு அருகே தொலைபேசியைப் பிடித்துப் பார்த்ததாக எனக்கு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டார் பிடித்ததாக எல்லாரும் சொன்னார்கள். கற்பிட்டிப் பகுதியில் கோபுரச் சமிக்ஞை எந்தச் சாமானுக்குப் பக்கத்திலும் அறுந்துபோகும் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கோட்பாடு செல்லாத ஓர் இடம் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் மிகப் பெரும் பகுதியினர் இந்தக் கரைக்குத்தான் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். யாழ்ப்பாண முஸ்லிம்களில் தையற்காரர்கள் நிறையப்பேர். வார்ப்பிரும்புத் தலை மட்டுமே பத்துக் கிலோவுக்கு மேல். இரும்புக் காலும் பலகையும் தனி. பழைய மெசின் தேடிப் போகிறவர்கள் அந்தக் குடியிருப்புகளில் கேட்டுப் பார்க்க வேண்டாம். அங்கே பார்த்த மெசின்களெல்லாம் 1990க்குப் பிறகு வாங்கியவை, அல்லது நிவாரணமாகக் கிடைத்தவை. ஒரு மூத்தம்மா தன் பழைய மெசினின் இலக்கத்தை எனக்கு மனப்பாடமாகச் சொன்னா. ‘வை’ என்றுதான் தொடங்கியது.

இனி மெசினின் எதிர்காலம். கோட்பாட்டின்படியே அது மோசமாக இருக்கிறது. பெரிய முதுகுள்ள பழைய தொலைக்காட்சி ஒழிந்து, தட்டைத் தொலைக்காட்சி சுவரில் ஏறிவிட்டது. இப்போது மெசினின் முதுகு வெறுமையாகிறது. தலையைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, காலை மட்டும் வைத்துக் கண்ணாடிப் பலகை பொருத்தி, கடற்கரை விடுதியில் வெள்ளைக்காரர் காப்பி குடிக்கும் மேசையாக்குகிறார்கள். இதைச் சேகரிப்பு என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஆகவே வாசகருக்கு ஒரு விண்ணப்பம். தொலைக்காட்சியைச் சுவரில் அடிக்க ஆள் வரும் அன்றே, மெசினின் அடித்தட்டு இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். துளைகளில் மெசின் எண்ணெய் விடுங்கள், தேங்காய் எண்ணெய் போத்தலைக் குசினியிலேயே விட்டுவிடுங்கள். பிறகு தாமதிக்காமல் மெசின் மேல் ரைஸ் குக்கரை வையுங்கள். பழைய இரும்பு லொறி வெள்ளிக்கிழமையும் வருகிறது.